சோபா ஓரத்துக்கு ஒரு மேசை, உள்ளே ஒரு ரகசிய அறை: கடலோர வீடுகளில் குறைந்த செலவில் செய்வது எப்படி?

டிவி ரிமோட், மூக்குக் கண்ணாடி, சார்ஜர், மின் கட்டண ரசீது, ரேஷன் கார்டு... சின்ன ஹால் உள்ள வீட்டில் இவை எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் இடம் சோபா இடுக்குதான். காபி டம்ளர் தரையில் இருக்கும். யாராவது கால் நீட்டினால் கொட்டும். இதற்கெல்லாம் சேர்த்து ஒரே தீர்வாக இப்போது பலரும் தேடுவது, சோபா கைப்பிடி உயரத்துக்கு ஒரு சின்ன மேசையும் அதற்குள் வெளியே தெரியாத ஓர் அறையும்.

ஆன்லைனில் இதைச் செய்து காட்டும் வீடியோக்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை உலர்ந்த ஊர்களுக்கான கணக்கு. கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் என்று நீளும் கடலோரத்திலும், அதை ஒட்டிய திருப்போரூர், செங்கல்பட்டு பக்கத்திலும் அதே மேசையை அப்படியே செய்தால் இரண்டு மழைக்காலம் தாங்குமா என்பது சந்தேகம்தான். ஏன் அப்படி? எந்தப் பலகை வாங்கணும்? அறை எங்கே இருக்கணும்? செலவை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கக் கூடாது? விரிவாகப் பார்ப்போம்.

கடலோரத்தில் மட்டும் என்ன பிரச்சினை?

ஒரே வார்த்தையில் சொன்னால், உப்பு.

கடல் காற்றில் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள்கள் கலந்திருக்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால், உப்பு அந்தக் காற்றில் இருந்தே தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிவது இதனால்தான். அதே வேலை மேசையின் ஆணியிலும், கீலிலும், பலகையின் ஓரத்திலும் நடக்கும். உப்புப் படிந்த இரும்பு எப்போதும் லேசான ஈரத்திலேயே இருப்பதால் சீக்கிரம் துருப்பிடிக்கும். துருப்பிடித்த ஆணி பருத்து, தன்னைச் சுற்றியுள்ள மரத்தைப் பிளக்கும்.

கல்லையே இந்த உப்பு விட்டுவைக்கவில்லை. மாமல்லபுரத்தில் 8ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கடற்கரைக் கோயிலின் சிற்பங்கள் உப்புக் காற்றில் அரித்துத் தேய்ந்திருப்பதை அங்கே போகிற யாரும் பார்க்கலாம். அந்தக் கல்லில் ஊறிய உப்பை வெளியே எடுக்க, தொல்லியல் துறை காகிதக் கூழை ஈரத்தோடு அப்பி உலரவிடும் முறையைப் பயன்படுத்தி வருகிறது. காகிதம் உலரும்போது உப்பையும் சேர்த்து உறிஞ்சிக்கொள்ளும்.

கருங்கல்லுக்கே இந்த நிலை என்றால், மரத்தூளை அழுத்திச் செய்த மலிவு விலை பலகையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ரகசிய அறை: மேலேயா, கீழேயா?

பெரும்பாலான டிசைன்களில் ரகசிய அறை அடித்தட்டில்தான் இருக்கும். கீழே போலித் தட்டு ஒன்றைப் போட்டு, அதன் அடியில் இடம் விடுவார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு அது பொருந்தாது.

காரணம் 2015 டிசம்பர். இன்று செங்கல்பட்டு மாவட்டத்தில் இருக்கும் தாம்பரத்தில் அப்போது 24 மணி நேரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது. முடிச்சூர் போன்ற பகுதிகளில் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. வெள்ளம் வடிந்த பிறகு மக்கள் தேடியதில் முக்கியமானவை பட்டா, பள்ளிச் சான்றிதழ், கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு. இழந்த ஆவணங்களுக்கு நகல் தருவதற்காகவே அரசு தனி முகாம்கள் நடத்த வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது. 2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேயே கரையைக் கடந்தது.

அதனால் இந்த ஊருக்கான விதி எளிமையானது: அறை மேசையின் மேல்பகுதியில், மேல்பலகைக்கு நேர் கீழே இருக்கணும். இங்கே சொல்லப்படும் டிசைனில் அறையின் அடித்தளம் தரையிலிருந்து சுமார் 42 செ.மீ. உயரத்தில் வரும். வீட்டுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் வந்தாலும் உள்ளே இருப்பது நனையாது. அதற்கு மேல் ஏறும் என்ற எச்சரிக்கை வந்தால், மூடியைத் தூக்கி எல்லாவற்றையும் ஒரே கையில் அள்ளிக்கொண்டு மாடிக்குப் போகலாம்.

எந்தப் பலகை வாங்கலாம்?

கடையில் போய் 'பிளைவுட்' என்று பொதுவாகக் கேட்டால், விலை குறைந்த ரகத்தைத்தான் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவார்கள். வித்தியாசம் தெரிந்துகொண்டு போவது நல்லது.

● எம்.ஆர். ரகம்: கமர்ஷியல் பிளை என்று சொல்வது இதைத்தான். ஈரத்தைத் தாங்கும் என்று பெயரில் இருந்தாலும், காற்றில் உள்ள சாதாரண ஈரத்தைத்தான் தாங்கும். தண்ணீர் பட்டு ஊறினால் அடுக்கு அடுக்காகப் பிரியும். செங்கல்பட்டு நகரம் போல உள்ளே தள்ளி இருக்கும் இடத்தில், மாடி வீட்டில் ஓரளவு சமாளிக்கும். கடலோரத்துக்கு வேண்டாம்.

● பி.டபிள்யூ.ஆர். ரகம்: கொதிநீர்ச் சோதனையைத் தாங்கும் பசையால் ஒட்டியது. சமையலறை அலமாரிகளுக்குப் பயன்படுவது. ஹாலில் வைக்கும் மேசைக்கு இது போதும்.

● பி.டபிள்யூ.பி. எனப்படும் மரைன் பிளை: ஐ.எஸ். 710 தரம். 72 மணி நேரம் கொதிநீரில் வைத்தும் ஒட்டு விடக் கூடாது என்பது இதற்கான சோதனை. கடலில் இருந்து சில தெருக்கள் தள்ளி மட்டுமே வீடு என்றால் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்து இதையே வாங்கிவிடலாம்.

● பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப்.: ஓரத்தில் தண்ணீர் பட்டால் ரொட்டி மாதிரி உப்பும். உப்பியது திரும்பச் சுருங்காது. இறுக்கிய ஸ்க்ரூவும் கழன்றுவிடும்.

● டபிள்யூ.பி.சி. பலகை: மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்தது. கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. ஆனால் ஸ்க்ரூ பிடிமானம் நல்ல பிளைவுட் அளவுக்கு இருக்காது. வெயில் நேரடியாக விழும் இடத்தில் வளையவும் கூடும்.

பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் மட்டும் போதாது. முத்திரையோடு சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் ஒன்று இருக்கும். அதை 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டுப் பார்த்தால், உரிமம் யார் பெயரில் இருக்கிறது, இப்போது செல்லுமா என்று தெரிந்துவிடும். கடையில் நின்றபடியே பார்க்கலாம்.

கடலோரத் தோப்புகளில் சவுக்கு நிறையக் கிடைக்கிறதே, அதையே கால்களுக்குப் பயன்படுத்தலாமா? வேண்டாம். சாரம் கட்ட, பந்தல் போட அது நல்ல மரம்தான். ஆனால் காயும்போது வெடிக்கும், முறுக்கும். அளவு பிசகாமல் பொருந்த வேண்டிய மேசைக்கு அது ஒத்துவராது.

அளவு என்ன? பலகை எவ்வளவு?

தச்சர்கள் அங்குலம், நூல் கணக்கில் பேசுவார்கள். எட்டு நூல் ஒரு அங்குலம். 18 மி.மீ. பலகையை 'ஆறு நூல்' என்பார்கள். இங்கே அளவு பிசகாமல் இருக்க மில்லிமீட்டரில் பார்ப்போம். எல்லாமே 18 மி.மீ. பலகை.

● பக்கப் பலகை: 520 x 400, இரண்டு
● கீழ்த்தட்டு: 364 x 400, ஒன்று
● ரகசிய அறையின் அடித்தட்டு: 364 x 400, ஒன்று
● அறையின் முன், பின் பலகை: 364 x 100, இரண்டு
● மூடியாக அமையும் மேல்பலகை: 440 x 440, ஒன்று
● மூடியின் அடியில் வரும் சட்டம்: 300 x 20, நான்கு

செய்து முடித்தால் உயரம் சுமார் 54 செ.மீ. வரும். சோபா கைப்பிடியின் உயரத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள். மேசை அதற்குச் சமமாகவோ, இரண்டு மூன்று செ.மீ. குறைவாகவோ இருந்தால் கைக்கு வசதி. உயரத்தை மாற்றணும் என்றால் பக்கப் பலகையின் 520 என்ற அளவை மட்டும் கூட்டிக் குறைத்தால் போதும்.

அறையின் உள்ளளவு 364 x 364, ஆழம் 100 மி.மீ. ஏ4 அளவு ஃபைல் படுத்த நிலையில் தாராளமாகப் போகும்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு முழு பிளைவுட் ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. மேலே சொன்ன துண்டுகள் எல்லாம் 4 அடிக்கு 4 அடி பலகைக்குள் அடங்கிவிடும். ஆக, ஒரு மேசைக்குத் தேவை அரை ஷீட், 16 சதுர அடி.

கடைக்காரர் சொல்லும் சதுர அடி விலையை 16ஆல் பெருக்குங்கள். சதுர அடி 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் பலகைக்கு 1,600 ரூபாய். இதோடு அறுப்புக் கூலி, ஸ்க்ரூ, பசை, பிரைமர், எனாமல் பெயின்ட் சேரும். பெயின்ட்டில் சின்ன டின்னே போதும்.

பட்ஜெட்டை இன்னும் இறுக்கணும்னா மூன்று வழிகள் இருக்கு.

முதலாவது, பங்கு. பல கடைகளில் அரை ஷீட் தர மாட்டார்கள். முழு ஷீட்டில் இரண்டு மேசை வரும் என்பதால், பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து வாங்கினால் ஆளுக்குப் பாதிதான்.

இரண்டாவது, துண்டுப் பலகை. இன்டீரியர் வேலை நடக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மாடுலர் கிச்சன் செய்து மிஞ்சும் துண்டுகள் ஒதுக்கித்தான் கிடக்கும். இந்த மேசையின் மிகப் பெரிய துண்டே 520 x 400 தான். கேட்டு வாங்கலாம்.

மூன்றாவது, அறுப்பு. வீட்டில் ரம்பம் எடுத்து அறுக்க வேண்டாம். பலகைக் கடையிலோ, பக்கத்து மர அறுவைப் பட்டறையிலோ மிஷினில் அறுத்து வாங்கினால் ஓரம் நேராக வரும். தச்சரின் வேலை பாதி முடிந்துவிடும்.

ஆனால் ஒரே ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்கக் கூடாது. அது ஸ்க்ரூ. கறுப்பு நிற டிரைவால் ஸ்க்ரூ விலை குறைவு, எல்லாக் கடையிலும் கிடைக்கும். ஜிப்சம் பலகைக்காகச் செய்யப்பட்ட அது, உப்புக் காற்றில் வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும். எஸ்.எஸ். 304 ஸ்டீல் ஸ்க்ரூ கேட்டு வாங்குங்கள். மொத்த மேசைக்கும் 40 ஸ்க்ரூவுக்கு மேல் தேவைப்படாது.

சேர்ப்பது எப்படி?

1. அறுத்து வந்த ஒவ்வொரு துண்டின் மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் மூலைமட்டம் சரி.

2. பக்கப் பலகைகளின் உள்பக்கத்தில், கீழிருந்து 80 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு, 402 மி.மீ. உயரத்தில் ஒரு கோடு போடுங்கள். முதல் கோட்டின் மேல் கீழ்த்தட்டு உட்காரும். இரண்டாவது கோட்டின் மேல் ரகசிய அறையின் அடித்தட்டு.

3. தண்ணீர் தாங்கும் மரைன் வகைப் பசையைத் தடவி, தட்டுகளை இரு பக்கப் பலகைக்கும் நடுவில் வைத்து, வெளிப்பக்கத்திலிருந்து ஸ்க்ரூ போடுங்கள். 8ஆம் நம்பர், 50 மி.மீ. நீளம், ஒவ்வொரு முனைக்கும் மூன்று. 3 மி.மீ. துளை போட்ட பிறகே முடுக்கணும். துளை இல்லாமல் முடுக்கினால் பிளைவுட்டின் ஓரம் பிளக்கும்.

4. அறையின் அடித்தட்டு மேல் முன் பலகையும் பின் பலகையும் நிற்கும். அவற்றுக்கும் பசை, பக்கத்துக்கு இரண்டு ஸ்க்ரூ. பின் பலகையை மாட்டும் முன் அதில் 10 மி.மீ. துளை இரண்டு போட்டுவிடுங்கள். இது காற்றுக்கு. இந்தத் துளைகளை விட்டுவிட்டால் அடைபட்ட அறைக்குள் பூஞ்சை பிடிக்கும்.

5. மேல்பலகையைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்திலிருந்து 40 மி.மீ. உள்ளே நான்கு பக்கமும் சட்டங்களைப் பொருத்துங்கள். மூடியை வைக்கும்போது சட்டங்கள் அறைக்குள் இறங்கி, மூடி நகராமல் பிடித்துக்கொள்ளும். இங்கே 30 மி.மீ. ஸ்க்ரூதான். அதைவிட நீளமாகப் போட்டால் மேசையின் மேல் முனை துருத்திக்கொண்டு வந்துவிடும்.

6. பசை காய ஒரு நாள் விடுங்கள்.

கவனித்தால் தெரியும், இதில் கீல் கிடையாது, டிராயர் சேனல் கிடையாது, கைப்பிடி கிடையாது, பூட்டும் கிடையாது. துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும் பாகங்கள் எல்லாம் அவைதான். செலவும் அவற்றில்தான் ஏறும். மூடி நான்கு பக்கமும் 20 மி.மீ. வெளியே நீண்டிருப்பதால் விரலைக் கொடுத்துத் தூக்கலாம். தெரியாதவர் கண்ணுக்கு அது சாதாரண மேசையின் விளிம்பு.

பூச்சில்தான் ஆயுள்

பிளைவுட்டில் தண்ணீர் புகும் வழி அதன் அறுத்த ஓரம். வெளியே தெரியும் எல்லா ஓரங்களையும் பட்டி வைத்துத் தேய்த்து, பிரைமர் அடித்து மூடணும். பக்கப் பலகைகள் தரையைத் தொடும் அடி ஓரத்துக்கு இரண்டு முறை. தினமும் வீடு துடைக்கும் தண்ணீர் போய்ச் சேரும் இடம் அதுதான். பிறகு நான்கு மூலையிலும் ரப்பர் புஷ் அடித்தால் மரம் தரையைத் தொடாது.

பலர் செய்யும் தவறு, வெளிப்பக்கம் மட்டும் பெயின்ட் அடித்துவிட்டு உள்ளே யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிடுவது. ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திறந்திருந்தால் பலகை ஒரு பக்கம் மட்டும் ஈரம் குடித்து வளையும். வளைந்த மூடி ஆடும். அறையின் உள்பக்கத்துக்கும் மூடியின் அடிப்பக்கத்துக்கும் அதே எண்ணிக்கையில் பூச்சு வேண்டும். மேலே சன்மைக்கா ஒட்டுவதாக இருந்தாலும் அடியில் ஒரு மெல்லிய தாள் ஒட்டுவது நல்லது.

பெயின்ட் நன்றாகக் காய்ந்த பிறகு, மூடி உட்காரும் நான்கு மூலையிலும் சின்ன ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். புழுக்கத்தில் எனாமலும் எனாமலும் ஒட்டிக்கொள்ளாது. காற்று போகவும் மெல்லிய இடைவெளி கிடைக்கும்.

பெயின்ட் வேலையை அக்டோபர் முதல் டிசம்பர் வரை வேண்டாம் என்று தள்ளிப்போடுவது நல்லது. ஈரம் இருக்கும் பலகையின் மேல் அடித்த பெயின்ட் கொப்புளிக்கும்.

பழைய பேக்கிங் மரத்தில் செய்யலாமா?

செய்யலாம். மறைமலை நகர், மகேந்திரா சிட்டி என்று தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி இது. இயந்திரப் பாகங்கள் வரும் பைன் மரப் பெட்டிகளும் பேலட்டுகளும் பழைய மரக் கடைகளுக்கு வருவதுண்டு. ஆனால் அதில் ஒரு முத்திரையைப் பார்த்துவிட்டுத்தான் வாங்கணும்.

நாடு விட்டு நாடு போகும் மரப் பெட்டிகளில் பூச்சி பரவாமல் இருக்க சர்வதேச விதி ஒன்று உண்டு. மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்குவது அதில் பரவலாக உள்ள முறை. அப்படிச் செய்தவற்றில் கோதுமைக் கதிர் படத்தோடு, ஆங்கிலத்தில் 'ஹெச்.டி.' என்று முத்திரை இருக்கும். 'எம்.பி.' என்று இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சு வாயுவால் புகையூட்டியது என்று அர்த்தம். வீட்டுக்குள் வைக்கும் பொருளுக்கு ஹெச்.டி. முத்திரை உள்ளதை மட்டும் எடுங்கள். எண்ணெய், ரசாயனக் கறை படிந்ததை எந்த முத்திரை இருந்தாலும் தொட வேண்டாம்.

பைன் மென்மையான மரம். கரையானுக்குப் பிடித்தமானது. கடலோரத் தரைத்தள வீடாக இருந்தால் கரையான் மருந்து அடித்த பிறகே பூச்சு.

உள்ளே என்ன வைக்கலாம்? என்ன வைக்கக் கூடாது?

பழைய கல்லாப் பெட்டிகளில் நாணயக் குழிகளுக்கு அடியில் ஒரு கள்ள அறை வைக்கும் வழக்கம் நம் ஊரில் இருந்ததுதான். ஆனால் இந்த மேசை அந்த வேலைக்கு இல்லை. பூட்டு இல்லாத, மொத்தமே 12 கிலோவுக்குள் இருக்கும் மேசையை ஒருவரே தூக்கிக்கொண்டு போய்விடலாம். நகை, பெருந்தொகைக்கு இது இடமே இல்லை.

● வைக்கலாம்: அடிக்கடி தேவைப்படும் ரசீதுகள், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை, கேபிள், ரிமோட், டார்ச், மெழுகுவத்தி. ஆவணங்களை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, கூடவே சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். அசல் பத்திரங்களுக்கு வேறு இடம் இருக்கட்டும். ஆதார், ஓட்டுநர் உரிமம் போன்றவற்றை டிஜிலாக்கரிலும் சேர்த்துவிடுங்கள்.

● வைக்கக் கூடாது: சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் போனும் பவர் பேங்க்கும். மூடிய அறையில் சூடு வெளியேற வழியில்லை. மாத்திரை மருந்துகளும் வேண்டாம். தூக்கினால் திறக்கும் மூடி குழந்தைக்குப் பெரிய தடை அல்ல. பூச்சிக்குப் பயந்து அந்துருண்டை போடுவதும் கூடாது, அதைக் குழந்தைகள் மிட்டாய் என்று வாயில் போட்டுக்கொள்ளும் ஆபத்து உண்டு. காய்ந்த வேப்பிலை போடும் பழைய வழக்கமே போதும்.

மூடி இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் விரல் நசுங்காமல் பார்த்துக்கொள்ளணும்.

பராமரிப்பு?

பெரிதாக ஒன்றும் இல்லை. சுவரோடு ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். சுவரின் ஓதம் பலகைக்கு ஏறாது, கரையான் மண்கோடு போட்டாலும் கண்ணில் படும். வாரம் ஒருமுறை நன்றாகப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்துவிட்டு, காய்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். மாதம் ஒருமுறை மூடியை எடுத்து அரை நாள் திறந்து வையுங்கள்.

செப்டம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், மேசையைக் கவிழ்த்து அடி ஓரங்களை ஒருமுறை பாருங்கள். பெயின்ட் விட்டிருந்தால் டின்னில் மிஞ்சியதைத் தொட்டு அந்த இடத்தை மூடிவிடுங்கள். பத்து நிமிட வேலைதான். அதை விட்டுவிட்டால் அடுத்த பொங்கலுக்குப் பழைய பொருள்களோடு மேசையும் வெளியே போக வேண்டியதுதான்.